பாதியில் செத்த டெபியன் மேம்படுத்தல்: துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதா, தோண்டிச் சரிசெய்வதா?

2024 ஜூலை 6, மாலை. கேள்வி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்புக்கான நீண்டகால ஆதரவு ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால், நிரல் பொதிகள் வரும் களஞ்சியப் பட்டியலில் 'பஸ்டர்' (10-இன் பெயர்) என்றிருந்த இடங்களிலெல்லாம் 'புக்வோர்ம்' (12-இன் பெயர்) என்று மாற்றி, நேராக 12-க்கு மேம்படுத்தத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு 'லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 என்ற நூலகத்தைத் திறக்க முடியவில்லை' என்று பெர்ல் (டெபியனின் பல கருவிகள் எழுதப்பட்ட நிரல்மொழி) சொன்னது, எல்லாம் நின்றுவிட்டது. பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட்டிடம் எதைக் கேட்டாலும் அதே வரிதான் வருகிறது. பெர்ல் பொதியில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா? இல்லை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழியா?

2024 ஜூலை 6, இரவு

பதில்: பெர்லைத் தொடாதீர்கள். ரூட் (முழு அதிகாரம் கொண்ட பயனர்) முனையம் ஒன்று திறந்திருக்கிறதா? இருந்தால் அதை மூடாதீர்கள். கணினியை மறுதொடக்கமும் செய்யாதீர்கள். சூடோ, எஸ்யூ, லாகின் எல்லாமே கடவுச்சொல்லைச் சரிபார்க்க அதே லிப்கிரிப்ட்டைத்தான் தேடும். இப்போது வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது.

பெர்லை நீக்கச் சொன்னால் ஆப்ட் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும்: 'ஆம், நான் சொல்கிறபடி செய்!' அந்த வாக்கியம் திரையில் வந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

2024 ஜூலை 6, இரவு, சற்று நேரம் கழித்து

காரணம் இது. டெபியன் 10 வரை லிப்கிரிப்ட் தனிப் பொதி அல்ல. சி நூலகமான லிப்சி6-இன் வயிற்றுக்குள் இருந்தது. 11-இலிருந்து லிப்கிரிப்ட்1 என்ற பெயரில் தனிக்குடித்தனம் போய்விட்டது. புதிய லிப்சி6 விரிக்கப்படும்போது பழைய லிப்கிரிப்ட் கோப்பு அழிந்துபோகும். அதற்குள் லிப்கிரிப்ட்1 வந்து உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நேராது. வரிசை பிசகினால் நடுவில் ஓர் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் பெர்லை யார் கூப்பிட்டாலும் அது விழுந்துவிடும். பொதிகளின் துணைநிரல்கள் பல பெர்லில் எழுதப்பட்டவை. நிறுவும்போது நம்மிடம் கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் பெர்லேதான். ஆக, லிப்கிரிப்ட்1 இல்லாமல் பெர்ல் ஓடாது, பெர்ல் ஓடாமல் ஆப்ட்டால் லிப்கிரிப்ட்1-ஐ நிறுவ முடியாது. பூட்டிய பெட்டிக்குள் சாவி.

நல்லவேளையாக ஆப்ட் சி++ மொழியில் எழுதப்பட்டது. பதிவிறக்க மட்டும் அதற்குப் பெர்ல் வேண்டியதில்லை. 'ஆப்ட் டவுன்லோட் லிப்கிரிப்ட்1' என்று கொடுங்கள். வருகிற டெப் கோப்பை (பொதி வரும் வடிவம் அது) பிரித்து, உள்ளே இருக்கும் நூலகத்தை /லிப் அடைவில் சேர்த்துவிட்டு, 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன். நகலெடுத்து ஒட்ட முடியவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். யோசிக்காமல் ஒட்டிவிட்டு எண்டரைத் தட்டிய கை என்னுடையது, அதன் கதையை நாளை எழுதுகிறேன்.

2024 ஜூலை 7, காலை

நேற்று 'பிரித்து, சேர்த்துவிட்டு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டேன். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நான் ஓர் இரவைத் தொலைத்தேன். ஆகவே இது திருத்தம்.

12 வெளியானது 2023 ஜூன் 10. அடுத்த சில வாரங்களில் நானும் இதே போல 10-இலிருந்து 12-க்குத் தாவினேன், இதே இடத்தில் விழுந்தேன். டெப் கோப்பு என்பது ஓர் 'ஆர்' கட்டு, அதற்குள் மூன்றே துண்டுகள்: பதிப்பு எண் எழுதிய ஒரு சிறு கோப்பு, துணைநிரல்களும் விவரங்களும் கொண்ட கட்டுப்பாட்டுத் துண்டு, உண்மையான கோப்புகள் கொண்ட தரவுத் துண்டு. இது எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு. தரவுத் துண்டை உருவி எடுத்து, டார் என்ற கட்டுப் பிரிக்கும் கட்டளையால் நேராக வேர் அடைவிலேயே விரித்தேன். சத்தமே இல்லாமல் முடிந்தது. முடிந்ததை உறுதிசெய்ய, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டினேன்.

'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை.'

கேட், அதே பதில். மவுண்ட், அதே பதில். எல்எஸ் நிரலே காணாமல் போய்விட்டது என்று நினைத்து வயிறு கலங்கிவிட்டது. உண்மையில் எல்எஸ் அதன் இடத்திலேயே பத்திரமாக இருந்தது. டெபியன் 10-ஐப் புதிதாக நிறுவிய கணினிகளில் /லிப் என்பது உண்மையான அடைவு அல்ல, /யுஎஸ்ஆர்/லிப் நோக்கிய ஓர் இணைப்பு. நான் விரித்த துண்டுக்குள் 'லிப்' என்ற அடைவு இருந்தது. டார் என்ன செய்தது? 'இங்கே அடைவு இருக்க வேண்டும், இணைப்பு இருக்கிறதே' என்று இணைப்பை அழித்துவிட்டு உண்மையான அடைவை உருவாக்கிவிட்டது. அதற்குள் லிப்கிரிப்ட் மட்டும் தன்னந்தனியாக. ஒரு நிரலைத் தொடங்கும்போது கர்னல் (இயங்குதளத்தின் மையம்) முதலில் தேடுவது அந்த நிரலுக்கான ஏற்றியை, அதாவது நூலகங்களை நிரலோடு இணைத்து ஓடவைக்கும் சிறு நிரலை. ஏற்றிக்குப் போகும் பாதை சுற்றி வளைத்து /லிப் வழியாகத்தான் போகிறது. ஏற்றியைக் காணவில்லை என்பதைத்தான் கர்னல் 'கோப்பு இல்லை' என்கிறது. எந்தக் கோப்பு என்று சொல்வதில்லை.

திறந்திருந்த பாஷ் (முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) மட்டும் உயிரோடு இருந்தது. எக்கோ பாஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்பதால் அது வேலை செய்தது. 'எக்கோ /லிப்/*' என்று கேட்டேன், ஒரே ஒரு பெயர் வந்தது. அந்த ஒற்றை வரியைப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. லைவ் யூஎஸ்பி (தன்னிலேயே இயங்குதளம் கொண்ட குச்சி) தேடி, அதில் ஏற்றி, வட்டை மவுண்ட் செய்து, அந்த அடைவைப் பெயர் மாற்றி, இணைப்பை மறுபடி போட்டு முடிக்கும்போது மணி இரண்டு.

சரியான முறை: வெறுமையான ஓர் அடைவை உருவாக்குங்கள். அதற்குள் 'டிபிகேஜி-டெப் -எக்ஸ்' கொண்டு பிரியுங்கள். நூலகக் கோப்புகளை மட்டும் (அடைவை அல்ல!) 'சிபி -ஏ' மூலம் /லிப் அடைவின் கீழுள்ள எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு அடைவுக்கு நகலெடுங்கள். '-ஏ' முக்கியம், லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1 என்பதே லிப்கிரிப்ட்.எஸ்ஓ.1.1.0-ஐக் காட்டும் இணைப்புதான், அது இணைப்பாகவே போய்ச் சேர வேண்டும். அடுத்ததாக 'பெர்ல் -வி'. பதிப்பு எண் வந்தால் மட்டும் மேலே போங்கள்.

2024 ஜூலை 7, மதியம்

கேட்டவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. நான் திருத்தம் எழுதும் முன்பே டாரை ஓட்டிவிட்டாரோ என்னவோ.

2024 ஜூலை 7, மாலை

ஓட்டவில்லையாம். பெர்ல் எழுந்துவிட்டதாம். நல்லது.

என் கதையில் இன்னொரு வெட்கக்கேடு. யூஎஸ்பி தேவையே இருந்திருக்காது. ஏற்றியும் ஒரு நிரல்தான். அதன் முழுப் பாதையைக் கொடுத்து நாமே கூப்பிடலாம். /யுஎஸ்ஆர்/லிப் அடியில் எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு அடைவில் இருக்கும் எல்டி-லினக்ஸ் கோப்பை முழுப் பாதையுடன் தட்டி, அதன் பின்னால் பெயர் மாற்றும் எம்வி நிரலின் பாதையையும் /லிப்-க்கு ஒரு புதுப் பெயரையும் கொடுத்தால் அந்தப் போலி அடைவு நகர்ந்துவிடும். அதே முறையில், இணைப்பை உருவாக்கும் எல்என் கொண்டு இணைப்பைப் போடலாம். இரண்டே வரி வேலை. எனக்கு இது உறைக்க மூன்று வாரம் ஆனது, அதுவும் வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது.

2024 ஜூலை 9

'பெர்ல் சரியாகிவிட்டது, ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட பொதிகள் பாதியில் நிற்கின்றன' என்கிறார். நின்றால் நிற்கட்டும். ஆப்ட்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் கருவி டிபிகேஜி; 'டிபிகேஜி -எல்' பட்டியலில் முதல் இரண்டு எழுத்தைப் பாருங்கள். இரண்டு சிறிய ஐ என்றால் முழுதாக நிறுவப்பட்டது. இரண்டாவது எழுத்து யூ என்றால் விரிக்கப்பட்டு, அமைக்கப்படாமல் இருக்கிறது. எஃப் என்றால் அமைக்கத் தொடங்கித் தோற்றது. ஹெச் என்றால் நிறுவலே பாதியில் நின்றது. யூ இருநூறு இருந்தாலும் பயமில்லை, அவை வரிசையில் நிற்பவை. எஃப் இரண்டே இரண்டு இருக்கும், அவைதான் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பவை.

'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', மறுபடி முதலாவது. எஃப் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்வரை மாற்றி மாற்றி ஓட்டலாம். குறையாமல் அதே எண்ணில் நின்றால் நிறுத்திவிட்டு லாகைப் படியுங்கள்: /வார்/லாக்/ஆப்ட் அடைவில் டெர்ம்.லாக். கீழிருந்து அல்ல, மேலிருந்து. கடைசியில் 'துணைச் செயல் பிழைக்குறி 1 திருப்பியது' என்று ஒரு வரி வரும். எல்லோரும் அதையே ஒட்டி உதவி கேட்கிறார்கள். அது வெறும் மணியோசை. செய்தி நாற்பது வரிக்கு மேலே, அந்த நாளின் முதல் பிழையாக இருக்கும். உங்களுடைய பெர்லும் அப்படித்தான்: பிழையைச் சொன்னது பெர்ல், பிழை லிப்சி6-இல். எனக்கும் ஒருமுறை கர்னல் பொதி எஃப் நிலையிலேயே நின்றது. மேலே போய்ப் பார்த்தால் 'வட்டில் இடமில்லை'. /பூட் பிரிவு நிரம்பிப் போயிருந்தது. பழைய கர்னல்கள் ஐந்து அதில் குடியிருந்தன. இப்போது ஓடுவது எது என்பதை 'யுநேம் -ஆர்' கொண்டு பார்த்து, அதை விட்டுவிட்டு மற்றவற்றில் மூன்றை நீக்கியதும் தானாக அமைந்துகொண்டது.

மேலே ஒருவர் '--ஃபோர்ஸ்-ஆல் போட்டால் எல்லாம் போய்விடும்' என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். உண்மைதான், எல்லாம் போய்விடும்.

2024 ஜூலை 13

'இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாக நிறுவினால் ஒரு மணி நேரம்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நிறுவ ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு, ஆறு ஆண்டுகளாக அந்தக் கணினியில் நீங்கள் என்னென்ன கைவைத்தீர்கள் என்பதை நினைவுக்குக் கொண்டுவர எத்தனை நாள்? கிரான் வரிகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்), தீச்சுவர் விதிகள், எட்டிசி அடைவில் என்றோ மாற்றிய ஒரு வரி. பழுதான அமைப்பு அதையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறது. துடைத்த வட்டு வைத்திருக்காது.

இதைச் சொல்லிவிட்டு யோசித்துப் பார்த்தால், எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அந்த இரவு கணினியைக் காப்பாற்றிவிட்ட இறுமாப்பில்தான் நான் அடுத்த தப்பைச் செய்தேன். அன்று புதிதாக நிறுவியிருந்தால், அதற்கு முன் தரவை ஒழுங்காக எடுத்து வைத்திருப்பேன்.

நடந்தது இது. எல்லாப் பொதிகளும் அமைந்து முடிந்த பிறகு, 'காலாவதியானவை' என்று வந்த பட்டியலைப் பார்த்தேன். 12-இன் களஞ்சியத்தில் இல்லாத பழைய பொதிகள் அவை. கூட்டிப் பெருக்கும் மனநிலையில் இருந்தேன், எல்லாவற்றையும் நீக்கினேன். அதில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 11 என்ற தரவுத்தள நிரலும் இருந்தது. டெபியன் 10-இல் வருவது 11, 12-இல் வருவது 15. புதியது நிறுவப்படும்போது பழையது 5432 போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தால், புதியது 5433-இல் வெறுமையான ஒரு தரவுத்தளத்தோடு எழும். பழைய தரவு தானாக இடம்பெயராது. அதற்குத் தனியாக பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்ட வேண்டும். அது ஓட இரண்டு பதிப்பின் நிரல்களும் இருக்க வேண்டும். பழைய நிரலைத்தான் நான் பெருக்கித் தள்ளிவிட்டேனே.

'நீக்கு' என்று கொடுத்தேன், 'முற்றாக நீக்கு' என்று கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடியில் 11 என்ற அடைவு அப்படியே இருந்தது. சாமர்த்தியம் ஒன்றுமில்லை, சோம்பல். கூடுதலாக ஒரு சொல்லைத் தட்டவில்லை.

பழைய நிரலை 12-இல் திணிக்கலாமா என்று பார்த்தேன். பழைய நூலகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. விட்டுவிட்டேன். இன்னொரு கணினியில் டெபியன் 10-ஐ நிறுவி, அதே போஸ்ட்கிரெஸ்கியூஎல் 11-ஐப் போட்டு, அந்தத் தரவு அடைவின் நகலை அங்கே வைத்து எழுப்பி, பிஜி_டம்பால் கொண்டு முழுவதையும் உரையாக இறக்கி, 15-இல் ஏற்றினேன். சுற்றுவழிதான். ஆனால் அதில் ஒரு நன்மை பின்னால் தெரிந்தது. டெபியன் 10-இன் சி நூலகம் 2.28, 12-இல் இருப்பது 2.36. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி சி நூலகத்திலிருந்து வருகிறது. அது மாறினால் உரைப் புலங்களின் தேடல் அட்டவணைகள் (இண்டெக்ஸ்) பிசகலாம், தேடினால் இருக்கிற வரியே இல்லை என்று பதில் வரலாம். உரையாக இறக்கி ஏற்றும்போது அட்டவணைகள் புதிதாகவே கட்டப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை.

அப்போது டெபியனைத் திட்டி நண்பர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். 'ஒரு பதிப்பைத் தாண்டி மேம்படுத்துவது ஆதரிக்கப்படவில்லை, 11 வழியாகத்தான் வர வேண்டும்' என்பது வெளியீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது என்று அவர்களில் ஒருவர் பதில் போட்டார். அந்தக் கடிதம் இன்னும் என் அஞ்சல்பெட்டியில் இருக்கிறது, நீக்க மனம் வரவில்லை.

2024 ஜூலை 14

இரண்டு திருத்தங்கள்.

ஒருவருக்குத் தனியாக எழுதும்போது, 'பழைய டெப் கோப்புகள் /வார்/கேஷ்/ஆப்ட் அடியில் இருக்கும், அங்கே தேடுங்கள்' என்று சொல்லிவிட்டேன். ஆப்ட்-கெட் பயன்படுத்தியிருந்தால் இருக்கும். வெறும் ஆப்ட் என்றால், நிறுவி முடித்ததும் அதுவே அழித்துவிடும். இல்லாதவர்கள் ஸ்னாப்ஷாட்.டெபியன்.ஆர்க் தளத்தில் தேடலாம். பழைய பொதிகளைத் தேதிவாரியாக அங்கே வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, அமைவுக் கோப்புக் கேள்வி. 'உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா' என்று கேட்கும்போது எண்டரை மட்டும் தட்டினால் பழையது நிற்கும், புதியது பக்கத்திலேயே .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு கிடக்கும். புதியதைத் தேர்ந்தெடுத்தால் பழையதுக்கு .டிபிகேஜி-ஓல்ட் என்று வால் முளைக்கும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைவுக் கோப்பையும் அவருக்கு எழுதியதில் இதோடு சேர்த்துச் சொல்லியிருந்தேன், அது தவறு. அதைக் கையாள்வது யூசிஎஃப் என்ற வேறு கருவி, அதன் வால் .யூசிஎஃப்-ஓல்ட். புதியதைப் போட்டுவிட்டு, தன் போர்ட் எண் மாறிப்போய் வெளியே நிற்கிறவர்கள் இந்தப் பெயரில் தேடினால் பழையது கிடைக்கும். தேடுவதற்கு உள்ளே போக வேண்டுமே என்று கேட்காதீர்கள்.

2024 செப்டம்பர் 21

'மேம்படுத்தும் முன் எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் இவ்வளவு கதையே வேண்டாமே' என்று புதிதாக ஒருவர். வட்டின் அந்த நேரத்து நிலையை உறைய வைப்பதுதான் ஸ்னாப்ஷாட்; எல்விஎம் வட்டுப் பிரிவுகளை நிர்வகிக்கும் அடுக்கு. எடுக்கலாம். நானும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒருமுறை எடுத்தேன், 2 ஜிபி ஒதுக்கினேன். வட்டில் மாறுகிற ஒவ்வொரு கட்டத்தின் பழைய நகலும் அந்த 2 ஜிபிக்குள்தான் போய்ச் சேர வேண்டும். பதிப்பு மேம்படுத்தலில் மாறாத கோப்பு எது? நடுவழியில் நிரம்பிவிட்டது. நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாது, அதை வைத்து எதையும் மீட்க முடியாது. மேம்படுத்தல் அன்று ஒழுங்காக முடிந்தது என்பதால் எனக்கு இழப்பில்லை. ஆனால் இல்லாத வலையின் மேல் கம்பி நடந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. /பூட் பெரும்பாலும் தனிப் பிரிவு, எல்விஎம்-க்கு வெளியே. வேர் அடைவு மட்டும் பின்னால் போனால், புதிய கர்னலுக்கான மாட்யூல்கள் அங்கே இருக்காது. பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்ற வேண்டும்.

2025 ஆகஸ்ட் 23

டெபியன் 13 ஆகஸ்ட் 9 அன்று வெளியாகிவிட்டது. 'இந்த முறை என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார், இந்த இழையைத் தொடங்கிய அதே நபர். அவர் 12-இலேயே இருக்கிறாராம், தாவ மாட்டாராம்.

முதலில் என் பழைய குறிப்புகளுக்கு ஒரு கொசுறு. 13-இல் /டெம்ப் அடைவு இயல்பாக நினைவகத்தில் இருக்கிறது. பெரிய தரவுத்தள டம்ப்பை அங்கே இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், ரேம் நிரம்பும்.

என் கணினியில் 12-ஐ முழுதாகப் புதுப்பித்துவிட்டு, பட்டியலை மாற்றி, '-எஸ்' போட்டு ஒத்திகை மட்டும் ஓட்டினேன். ஒத்திகை வெளியீட்டில் 'இன்ஸ்ட்' என்று தொடங்குபவை நிறுவப்படும், 'ரெம்வ்' என்று தொடங்குபவை நீக்கப்படும். நான் ரெம்வ் வரிகளை மட்டும் வடிகட்டி ஒரு தாளில் எழுதினேன். முப்பத்தொரு வரி. இருபத்தெட்டு எனக்குப் புரிந்தது. மூன்று புரியவில்லை, அவற்றைத் தேடிப் படிக்க ஒரு பகல் போயிற்று. ஒன்று மட்டும் நான் என்றோ வெளிக்களஞ்சியம் ஒன்றிலிருந்து நிறுவி மறந்துபோனது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 15 அந்த முப்பத்தொன்றில் இல்லை, இரண்டு முறை பார்த்தேன். பிஜி_டம்பால் எடுத்து வேறு கணினிக்கு நகர்த்தி, அங்கே ஏற்றியும் பார்த்துவிட்டேன்.

இப்போது டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் கருவி) அமர்வுக்குள் முதல் கட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, புதுப் பொதி சேர்க்காமல் இருப்பவற்றை மட்டும் மேம்படுத்தும் கட்டம். பக்கத்தில் இன்னொரு ரூட் முனையம் சும்மா திறந்து கிடக்கிறது. சற்று முன் ஓர் அமைவுக் கோப்புக் கேள்வி வந்தது. டி எழுத்தைத் தட்டி வேறுபாட்டைப் படித்தேன்: 2019-இல் நான் சேர்த்த ஒரு வரி, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று என் கையாலேயே எழுதிய குறிப்பு.